அழிந்துவிட்டதாக எழுதிய பக்கம்

சங்ககிரிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பழைய மாதா கோயிலுக்கு ஆன்சி போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். பங்கு அலுவலகத்தைத் திறந்துவிட்ட உபதேசியார், அடக்கப் பதிவேட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“பாத்துட்டுப் பூட்டி வையுங்கம்மா. நான் சாப்பிட்டு வாரேன்.”

அவர் போன பிறகும் அந்த அட்டையைத் தொட ஆன்சிக்குக் கை கூசியது. பதிவேட்டில் உள்ள பெயர்களை இணையத்தில் தேடும்படி அட்டவணையாக்கித் தந்தவளே அவள்தான். வீட்டில் உட்கார்ந்து, போட்டோக்களைப் பார்த்துத் தட்டச்சு செய்த வேலை. ஒரு பக்கத்தின் படம் மட்டும் கலங்கலாக விழுந்திருந்தது. நேரில் வந்து மூலத்தைப் பார்த்திருக்கலாம். வெயிலில் அலையச் சோம்பல்பட்டு, ‘எழுத்து அழிந்துவிட்டது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். இதையெல்லாம் யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்ற நினைப்புதான்.

கேட்க ஒருவர் இருந்தார். கோயம்புத்தூர் யாகப்பன். கைக்குழந்தையிலேயே தாய் தெரசம்மாளைக் காலராவுக்குப் பறிகொடுத்து, சித்தி வீட்டில் வளர்ந்தவர். சாவதற்குள் தாயின் கல்லறையில் ஒரு மெழுகுவத்தி ஏற்ற வேண்டும் என்று அட்டவணையில் தேடித் தேடிப் பார்த்தார். பெயர் இல்லை. அம்மாவை எந்தக் குழியில் தள்ளினார்களோ என்று புலம்பிக்கொண்டே போன மாதம் கண்ணை மூடினார். ஒரிஜினலை ஒரு தடவை பார்த்துச் சொல்லச் சொல்லி அவர் மகன் ஜோஸ்வா போனில் கெஞ்சிய பிறகுதான் ஆன்சி கிளம்பி வந்தாள்.

பக்கத்தைப் புரட்டினாள்.

எழுத்து அழியவே இல்லை.

கறுப்பு மையில் ஒவ்வொரு பெயரும் பளிச்சென்று இருந்தது. ‘பாவி, பாவி’ என்று தன்னையே திட்டிக்கொண்டு விரலை ஓட்டினாள்.

“தெரசம்மாள். மேற்குச் சுவரோரம்” என்று வாய்விட்டுப் படித்தாள்.

மின்விசிறி நின்றது. அந்த உச்சி வெயிலிலும் அறை சில்லிட்டுப்போனது. எங்கிருந்தோ புதிதாகத் தோண்டிய மண்ணின் வாடை வந்தது.

முதுகுக்குப் பின்னால் யாரோ நின்றார்கள்.

“எம்பட பையன் வந்தானா சாமி?”

தண்ணீரே காணாத தொண்டையிலிருந்து வந்த குரல். ஆன்சிக்குத் திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. என்ன பதில் சொல்வாள்? தேடினான், நான்தான் வரவிடாமல் செய்துவிட்டேன் என்றா?

“வந்தானா சாமி?”

மேசைமேல் இருந்த போன் அலறியது. ஜோஸ்வா. அவசரமாக எடுத்ததில் விரல் ஸ்பீக்கரில் பட்டுவிட்டது.

“ஏனுங்க, பாட்டி பேரு இருக்குதுங்களா?”

“இருக்குதுங்க” என்றாள்.

“அய்யோ, இத கேக்காமயே அப்பா செத்துப் போயிட்டாரே!”

ஆன்சி பாய்ந்து போனை உள்ளங்கையால் பொத்தினாள். அதற்குள் அந்தச் சொல் அறை முழுக்கக் கேட்டுவிட்டது.

பிறகு அவள் விரலிடுக்கில் ஜோஸ்வாவின் குரல் மெதுவாக வந்தது.

“ஏனுங்க... உங்க பக்கத்துல யாருங்க அழுவுறது?”