பருவம் இல்லாத ஹைக்கூ

சமூகக் கூடத்துக்குக் கிளம்பும்போது ரியோகிச்சி தன் மனைவி மட்சுனோவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கையில் சூடு இல்லை. சில்லிப்பும் இல்லை. மரக்கரண்டியைப் பிடித்த மாதிரி இருந்தது அவளுக்கு.

முந்தாநாள் அவர் வைத்த சூப்பிலும் உப்பு இல்லை. "உப்பு போட மறந்துட்டீங்களா?" என்று கேட்டதற்கு, கரண்டியை வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கடிபட்டுவிட்டார் என்று அப்போதே அவள் முடிவுகட்டினாள். கடிபட்டவருக்கு முதலில் நாக்கில் ருசி போகும், அப்புறம் சூடும் குளிரும் போகும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வரிசை அது.

வீட்டிலிருந்து கூடம் வரைக்கும் பலகை அடைத்த பாதை. செத்து எழுந்தவர்கள் வெளியே இடுப்பளவு வெண்பனியில் நின்றார்கள். குளிரில் மெதுவாகத்தான் நகர்வார்கள், ஆனால் நகர்வார்கள், அவர்களுடைய நகங்கள் பலகையின் அந்தப் பக்கம் எலி பிறாண்டுவதுபோல் கூடவே வந்தன. ஊறிப்போன பாயின் நாற்றம் இடுக்குகளில் கசிகிறது என்று பின்னால் வந்த தொமிகோ மூக்கைப் பொத்தினாள். மட்சுனோவுக்கு எந்த நாற்றமும் தெரியவில்லை. பழகிவிட்டது போல. போன வாரம் இதே பாதையில் விறகுச் சிராய் கிழித்த கணுக்கால்கூட வலிக்கவில்லை. கவலைப்பட வேறு ஆயிரம் இருந்தது.

கூடத்தில் ஐந்து பேர். தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்று ஹைக்கூ சொல்லித்தரும் குரோஸே வாத்தியார், பஸ் ஓட்டின ஸெய்ஜி, டோஃபு கடைக்காரி தொமிகோ, இவர்கள் இருவர். இலையுதிர்காலம் வரை பொழுதுபோக்குக்காகக் கூடிய ஹைக்கூ சங்கம்தான். முடிதிருத்துகிற கன்ஜி ஒருநாள் பருவச்சொல்லே இல்லாமல் ஒன்று எழுதினான். மழையோ பூவோ தவளையோ, காலத்தைக் காட்ட ஒரு சொல் இல்லாவிட்டால் அது என்ன ஹைக்கூ? இருந்தாலும் "அட, புதுமையா இருக்கே!" என்று எல்லோரும் தலையாட்டினார்கள். அன்றைக்கே அவன் பெண்டாட்டியைக் கடித்தான். சூடும் குளிரும் போனவனுக்குக் காலம் எழுத வராது என்று அப்போதுதான் புரிந்தது.

அதன்பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை கூடினார்கள். ஆளுக்கு இரண்டு சீட்டு, பேர் போடாமல். எல்லாவற்றையும் கலைத்து, கையெழுத்து தெரியாதபடி அடுத்தவர் படியெடுப்பார். வாத்தியார் படிப்பார். எழுதியவர் தன் பேரை உரக்கச் சொல்லவேண்டும். பருவம் இல்லாததற்குப் பேர் சொன்னவர், தானே எழுந்து வெளியே போகவேண்டும். யாரும் அழக்கூடாது என்று வாத்தியார் சொன்னார். முதல் கூட்டங்களில் அழுதவர்களும் இப்போது உயிரோடு இல்லை.

"முள்ளங்கி வேகிறது
மூடி திறந்தவளின்
முகம் தெரியவில்லை."

"ரியோகிச்சி!"

வாத்தியார் கடைசிச் சொல்லை முடிக்கும் முன்னே அவர் குரல் வந்துவிட்டது. தொமிகோ சிரித்தாள். "நாற்பது வருஷமா இதே அவசரம்! தூக்கத்துல படிச்சாலும் பேர் சொல்லுவாரு போலிருக்கே அக்கா."

முள்ளங்கி, குளிர்காலச் சொல். மட்சுனோ மூச்சு விட்டாள். இன்னும் ஒன்று தேறிவிட்டால் மூன்று நாள் அவர் அவளுடையவர். அதற்கு மேல் அவள் எதையும் கேட்கவில்லை.

எட்டு சீட்டுகள் முடிந்தன. வாத்தியார், ஸெய்ஜி, தொமிகோ மூவரும் இரண்டு முறை பேர் சொல்லிவிட்டார்கள். மிச்சம் ரியோகிச்சியுடையது ஒன்று, தன்னுடையது ஒன்று. தன் இரண்டாவது சீட்டில் என்ன எழுதினோம் என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை.

வாத்தியார் ஒன்பதாவதைப் படித்தார்.

"விரித்த கை
எதை வைத்தாலும்
அதே கனம்."

ஸெய்ஜி கதவுப் பக்கம் திரும்பினான்.

நல்ல கவிதை என்று நினைத்தாள் மட்சுனோ. வந்ததிலேயே மனசுக்கு இதமாக இருந்தது இதுதான். அப்புறம்தான் உறைத்தது. பூ இல்லை. பனி இல்லை. காலமே இல்லை.

"யாருதுப்பா?" வாத்தியார் நிமிரவில்லை.

பேசாதீங்க. தயவுசெய்து பேசாதீங்க என்று மட்சுனோ கணவனைப் பார்த்து மனசுக்குள் வேண்டினாள்.

இந்த முறை அவர் அவசரப்படவில்லை. அவளை நன்றாக, நிதானமாகப் பார்த்தார். பிறகு சொன்னார். "ரியோகிச்சி."

எழுந்து தன் கம்பளிக் கழுத்துத்துணியை அவிழ்த்து அவள் மடியில் வைத்தார். "எனக்கு எதுக்கு இனிமே? நீ வச்சுக்கோ." கண்கள் நனைந்திருந்தன. ஸெய்ஜி கதவைத் திறந்தான். அவர் போனார். தாழ் விழுந்தது.

அழவேண்டும் என்று மட்சுனோவுக்குத் தெரிந்தது. எப்படி என்று தெரியவில்லை. தொமிகோதான் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு விசும்பினாள். "அக்கா... ஐயோ அக்கா..."

"தொடங்கினதை முடிச்சிருவோம்." வாத்தியார் கடைசிச் சீட்டை எடுத்தார். "கடைசி. மட்சுனோ, உன்னுதுதான். கேட்டுட்டுப் பேரைச் சொல்லிரும்மா." கிழவனுக்குப் பழக்கம், கூடத்தின் மூலைக்கெல்லாம் கேட்கும்படி உரக்கப் படித்தார்.

"கொட்டும் பனி
அவள் மூச்சை எண்ண உட்கார்ந்தேன்
விடிந்துவிட்டது."

மட்சுனோ வாயைத் திறந்தாள். இதை நான் எழுதவில்லையே.

பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மிக அருகில், நாற்பது வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது.

"ரியோகிச்சி!"

உயிருள்ள குரல். சூடான குரல். பாதியில் அது வேறு சத்தமாயிற்று. பிறகு பலகையில் நகங்கள். நிறைய நகங்கள்.

வாத்தியாரின் விரல்கள் ஒன்பதாவது சீட்டின்மேல் நின்றன. ஸெய்ஜி தாழைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அவன் வாயிலிருந்து ஆவி புகைந்தது. வாத்தியார் வாயிலிருந்தும். மட்சுனோ தன் வாயருகே பார்த்தாள். ஒன்றும் இல்லை.

"தொமிகோ," என்றார் வாத்தியார் மெல்ல. "எழுந்து வா."

தொமிகோவுக்குக் கேட்கவில்லை. அழுதுகொண்டிருந்தாள். அவள் கழுத்து மட்சுனோவின் கன்னத்தில் அழுந்தியது.

எத்தனையோ நாளைக்குப் பிறகு, மட்சுனோவுக்குச் சூடு தெரிந்தது.