குறட்டை என்ன சொல்கிறான்?

கூடையின் மூடியைத் திறப்பதற்கு முன்பே உள்ளேயிருந்து குறட்டைச் சத்தம் கேட்டது.

"யாரோ தாத்தா தூங்குற மாதிரி இருக்கே!" என்றான் அண்ணன்.

வாலு மெதுவாக மூடியைத் தூக்கினாள். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு நாய்க்குட்டி. கசக்கிப் போட்ட துணி மாதிரி முகம். அமுக்கி வைத்த மூக்கு. வௌவாலிடம் இரவல் வாங்கியதுபோல இரண்டு பெரிய காதுகள். அது பிரெஞ்சு புல்டாக் குட்டி. சித்திக்குக் கப்பலில் நர்ஸ் வேலை கிடைத்ததால், அவர் வளர்த்த குட்டி இவர்கள் வீட்டுக்கு வந்திருந்தது.

ஜன்னல் வெயில் காதின்மேல் பட்டது. இளஞ்சிவப்பாக, இலை நரம்பு போல மெல்லிய கோடுகள் தெரிந்தன. வாலு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஒரு காதுக்குள் இவ்வளவு வேலைப்பாடா!

"இவனுக்கு வாலே இல்லையே," என்றான் அண்ணன், கூடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு. "பரவாயில்ல. நம்ம வீட்டுலதான் ஏற்கெனவே ஒரு வாலு இருக்கே!"

அவளுடைய உண்மையான பெயர் வேறு. செய்கிற சேட்டையால் வந்த பெயர்தான் எல்லோர் வாயிலும் நின்றுவிட்டது. குட்டிக்குப் பெயர் தேட வேண்டிய வேலையே இல்லை. குறட்டை என்று தானாகவே அமைந்துவிட்டது.

தூங்கும்போது குறட்டையால் தொல்லை இல்லை. விழித்தால்தான் தொல்லை. மேஜைக்கு அடியில் ஒரு குட்டை, அலமாரி பக்கத்தில் ஒரு குட்டை. அப்பா பேருந்து ஓட்டிவிட்டுக் களைத்து வந்து, காலுறையோடு ஒரு குட்டையில் கால் வைத்தார்.

"மழை பெய்யலையே," என்றார் அப்பாவியாக. பிறகுதான் விஷயம் புரிந்தது.

"இதுக்கு ஒரே வழிதான்," என்றான் அண்ணன். "ஈரத்துகிட்ட இழுத்துட்டுப் போய், மூக்கைக் காட்டி, ஒரு அதட்டு அதட்டணும்."

அப்படியே செய்தான். குறட்டையின் பெரிய காதுகள் பின்னால் மடங்கி, தலையோடு ஒட்டிக்கொண்டன. ஆனால் குட்டைகள் குறையவில்லை. இடம்தான் மாறியது. இப்போது சோபாவுக்குப் பின்னால்.

அந்த நேரத்தில் வீடு முழுக்க ஒரு சிவப்புக் கடல் கிடந்தது. அம்மா வீட்டிலேயே திரைச்சீலைகள் தைத்துக் கொடுப்பவர். இந்த முறை வந்தது நாடக மேடைக்கான திரை. வெல்வெட் துணி கூடத்தில் தொடங்கி, சமையலறை வாசல்வரை அலை அலையாகக் கிடந்தது. அம்மா ஊசிகளைப் பல்லில் கடித்தபடி மெஷினில் உட்கார்ந்தால் சாப்பாட்டு நினைவுகூட வராது.

ஒருநாள் மாலை அம்மா துணியின் ஓரத்தை இழுத்தார். கை நனைந்தது. முகர்ந்து பார்த்தார்.

துணியை விளக்கடியில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லவேளை, உள்ள மடிச்சுத் தைக்கிற ஓரம்," என்றார் கடைசியில். "நடுவுல ஆகியிருந்தா என்ன பண்ணுவேன்? வாலு, நான் கோபத்துல சொல்லல. சித்தியோட ஃப்ரெண்டு ஒருத்தங்க பெரிய தோட்டம் வச்சிருக்காங்க. குட்டியை வளர்க்கத் தயாரா இருக்காங்க. இந்தத் திரையை எடுத்துட்டுப் போக ஆள் வர்றதுக்குள்ள இது பழகலேன்னா, அங்க அனுப்பிடலாம்."

வாலு கீழே குனிந்து பார்த்தாள். அவள் காலடியில் குறட்டை மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் பள்ளி விடுமுறை. வாலு சாப்பாட்டு மேஜைக்கு அடியில் வயிற்றை அழுத்திக் குப்புறப் படுத்துக்கொண்டாள். குட்டியின் உயரத்திலிருந்து பார்த்தால் வீடே வேறாக இருந்தது. நாற்காலிக் கால்கள் மரங்கள் போல நின்றன. அம்மாவின் மெஷின், மலைமேல் ஓடும் ரயில் மாதிரி தடதடத்தது.

குறட்டை கண் விழித்தான். கொட்டாவி விட்டான். தரையை முகர்ந்துகொண்டே ஒரு சுற்று சுற்றினான். பிறகு குடுகுடுவென்று சமையலறைக்குப் போய், பின்கதவின் முன் நின்றான். அந்தக் கதவைத் திறந்தால் இரும்புப் படிக்கட்டு. கீழே இறங்கினால் ஒரு முற்றமும் மரமும்.

அவன் குரைக்கவில்லை. பிராண்டவும் இல்லை. கதவைப் பார்த்தபடி சும்மா நின்றான். பிறகு திரும்பி வீட்டைப் பார்த்தான். யாரும் வரவில்லை. மறுபடி கதவைப் பார்த்தான். கடைசியில் காதுகளை மடக்கிக்கொண்டு, திருடன்போலப் பதுங்கிப் பதுங்கி, சோபாவுக்குப் பின்னால் போனான்.

வாலுவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

இவனுக்குத் தெரியும்! வெளியே போகவேண்டும் என்று தெரியும். இத்தனை நாளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். சத்தமில்லாமல் கேட்டதால் யாருக்குமே கேட்கவில்லை!

அவள் ஓடிப்போய் அவனைத் தூக்கினாள். கதவைத் திறந்து படிக்கட்டில் விட்டாள். ஆனால் குறட்டை இறங்கவில்லை. நான்கு கால்களையும் அகட்டி வைத்துக்கொண்டு நடுங்கினான்.

"போடா, கீழதான் மரம் இருக்கு."

அவன் அசையவில்லை. வாலு அவன் பக்கத்திலேயே படுத்து எட்டிப் பார்த்தாள். அடேயப்பா! இரும்புப் படிகள் முழுக்க ஓட்டை ஓட்டையாக இருந்தன. ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் தரை எங்கேயோ பாதாளத்தில் தெரிந்தது. அவளுக்கே தலை சுற்றியது. தினமும் தடதடவென்று ஓடும் படிகள்தானே இவை?

"மன்னிச்சுக்கோடா," என்று சொல்லி அவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். அவனுடைய இதயம் அவள் உள்ளங்கைக்குள் படபடத்தது.

மரத்தடியில் விட்டதும் அவன் முகரத் தொடங்கினான். ஒரு காய்ந்த இலையை முகர்ந்தான். அதன் பக்கத்து இலையை முகர்ந்தான். ஒரு வேரின் மடிப்பில் மூக்கை வைத்து நெடுநேரம் நின்றான். அங்கே யார் வந்து போனார்கள் என்று அவனுக்கு மட்டும் தெரிவதுபோல இருந்தது. வாலுவும் குனிந்து முகர்ந்து பார்த்தாள். அவளுக்கு மண் வாசனை மட்டும்தான் வந்தது.

பிறகு பின்னங்கால்களை மடக்கி உட்கார்ந்தான்.

"சமத்து!" என்றாள் வாலு உடனே, காதோடு காதாக. "என் சமத்துக் குட்டி!"

மடங்கியிருந்த காதுகள் இரண்டும் டக்கென்று நிமிர்ந்தன.

அன்றிலிருந்து தூங்கி எழுந்தால் மரத்தடி. சாப்பிட்டால் மரத்தடி. விளையாடி முடித்தால் மரத்தடி. பழைய இடங்களை வினிகர் கலந்த தண்ணீரால் நன்றாகத் துடைத்தாள். அந்த மூக்குக்குப் பழைய வாசனை தெரிந்தால், அதுதான் இடம் என்று நினைத்துக்கொள்வான் அல்லவா?

ஆனாலும் ஒரு மாலை அவள் படம் வரைவதில் மூழ்கிவிட்டாள். நிமிர்ந்து பார்த்தபோது கதவருகே ஒரு குட்டை. அண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தான்.

"வாடா இங்க, மூக்கைக் காட்டு!"

"அண்ணா, வேண்டாம்!" வாலு குறுக்கே நின்றாள். "அவன் கேட்டிருப்பான். நான்தான் பாக்கல."

"நாய்க்குட்டி கேக்குமா? உனக்கு மட்டும் லெட்டர் போட்டுச்சா?"

"நாளைக்குக் காலையில என்கூட மேஜைக்கு அடியில வந்து படு. பேசக்கூடாது."

அண்ணன் சிரித்தான். ஆனாலும் மறுநாள் வந்தான். அவனுடைய நீளமான கால்கள் மேஜைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. குறட்டை எழுந்தான். சுற்றினான். கதவருகே போய் நின்றான். திரும்பிப் பார்த்தான்.

அண்ணனின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது.

"ஏய்..." என்று கிசுகிசுத்தான். "நிஜமாவே கேக்குறான். நான் போய் இவனை அதட்டினேனே!" எழுந்த வேகத்தில் மேஜையில் தலையை இடித்துக்கொண்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். அன்று குறட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கியது அண்ணன்தான்.

அம்மா மட்டும் இதையெல்லாம் பார்க்கவில்லை. "ஏதோ உங்க பின்னாடி ஓடி வருது, நீங்க தூக்கிட்டுப் போறீங்க," என்று சொல்லிவிட்டு மெஷினை மிதித்தார்.

திரையை எடுக்க ஆள் வரும் நாளும் வந்தது. அன்று பள்ளி இருந்தது. வாலு சாப்பிடாமலே கிளம்பினாள்.

"அம்மா, அவன் கதவைப் பாத்தான்னா..."

"எனக்கு இன்னும் கரை முழுக்க மடிச்சுத் தைக்கணும்டி. நேரமாச்சு, கிளம்பு."

வகுப்பில் ஆசிரியை என்ன சொன்னார் என்பதே அவள் காதில் விழவில்லை. மதியம் மழை பிடித்துக்கொண்டது. பள்ளி விட்டதும் பையைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு ஓடினாள்.

முன்வாசல் வழியாக வீட்டுக்குள் வந்தாள். மெஷின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஊசி துணியில் குத்தியபடியே நின்றது. வெல்வெட் பாதியில் கிடந்தது. அம்மாவைக் காணோம்.

கூடையைப் பார்த்தாள். காலி.

"குறட்டை?"

சோபாவுக்குப் பின்னாலும் பார்த்தாள். அங்கேயும் இல்லை. கொடுத்துவிட்டார்களா? சொல்லாமலேயே?

அப்போதுதான் சமையலறையிலிருந்து சாரல் வந்து முகத்தில் அடித்தது. பின்கதவு அகலத் திறந்து கிடந்தது. வாலு ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள்.

கீழே மரத்தடியில் அம்மா நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் அளவு நாடா நனைந்து தொங்கியது. ஒரு காலில் செருப்பு இருந்தது, மறுகாலில் இல்லை. கையில் குடை. ஆனால் குடை அம்மாவின் தலைக்குமேல் இல்லை. குனிந்து, கையை நீட்டி, குறட்டைக்குப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வாலு படிகளில் இறங்கி ஓடினாள்.

"அம்மா!"

அம்மா நிமிர்ந்தார். முகத்தில் மழைத்தண்ணீர் வழிந்தது. கண்கள் விரிந்திருந்தன, ஏதோ நடக்காதது நடந்துவிட்டது போல.

"தைச்சுட்டு இருந்தேன்டி. வந்து என் கால் பக்கத்துல உக்காந்தான். நான் கண்டுக்கல. கதவுகிட்ட போயிட்டுத் திரும்பி வந்தான். அப்பவும் கண்டுக்கல. அப்புறம்..." அம்மா தன் வெறும் பாதத்தைப் பார்த்தார். "காலைத் தூக்கி என் பாதத்துமேல வச்சாண்டி! மெதுவா, எழுப்புற மாதிரி. இத்தனூண்டு கால். அந்தத் துணி முழுக்க விரிச்சுக் கிடக்கு, எங்க வேணா போயிருக்கலாம். என்கிட்ட வந்து கேட்டான்!"

வாலு அம்மாவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்க நின்னுக்கிட்டே தோட்டத்துக்காரம்மாவுக்குப் போன் பண்ணி, இவன் எங்கயும் வரலன்னு சொல்லிட்டேன்."

மேலே, வீட்டுக்குள் அழைப்பு மணி அடித்தது. மறுபடியும் அடித்தது.

"அம்மா, திரைக்கு ஆள் வந்துட்டாங்க போல! சீக்கிரம் தூக்கு, போலாம்!"

"ஷ்ஷ்!" அம்மா குடையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தார். "அவங்க நிக்கட்டும். அவன் இன்னும் மோந்து பாத்து முடிக்கல."