சட்டை ஓரத்து வெள்ளி

நடுப்பகலாகியும் வெனிஸ் கால்வாய்களை விட்டு மூடுபனி விலகவில்லை. இறந்துபோன மெனெகோவின் மரப்பெட்டியைத் தோளில் சுமந்தபடி விதால் அவன் வீட்டுக் கதவைத் தட்டினான். இருவரும் ஒரே கப்பலில் துடுப்புப் போட்டவர்கள். கிரீட் தீவருகே காய்ச்சலில் மெனெகோ போய்ச் சேர்ந்தபோது, உடலைத் துடைத்துக் கடலில் இறக்கியவன் விதால்தான்.

கதவைத் திறந்த ஓர்சா அழவில்லை. கணவன் செத்தது எப்போதோ தெரிந்தவள் போலிருந்தாள்.

“உள்ள வாங்கண்ணே.”

அடுப்பு எரிந்தும் அறை சில்லிட்டுக் கிடந்தது. கடற்பாசியும் அழுகிய கயிறும் கலந்த வாடை.

“அவர் சட்டை ஓரத்துல வெள்ளிக் காசு வெச்சுத் தெச்சிருந்தேன்,” என்றாள். “உடம்பு எங்க கரை ஒதுங்குனாலும், எடுக்குறவங்க அந்தக் காசுக்குக் குழி தோண்டி, ஒரு பூசை வைப்பாங்கல்ல. அது அவரோடதான போச்சு?”

விதாலின் காலில் புது பூட்ஸ். வரும் வழியில் ஸாரா துறைமுகத்தில் வாங்கியது. கடைக்காரன் அந்த மெல்லிய காசைக் கடித்துப் பார்த்து, நல்ல வெள்ளி என்று சிரித்திருந்தான். விதால் கால்களை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டான்.

“அவனோடதாம்மா போச்சு. தையல் பிரியவே இல்ல. நானே பாத்தேன்.”

மேல்தளத்தில் பலகை முனகியது.

ஓர்சா குரலைத் தாழ்த்தினாள். “ஒரு மாசமா வர்றாருண்ணே. பேச மாட்டேங்கிறாரு. சட்டை ஓரத்தத் தூக்கித் தூக்கிக் காட்டுறாரு. பிரிஞ்சு கிடக்கு. மன்னிப்பு கேட்டுத் தெச்சுக் குடுக்குறேன். மறுநாளும் பிரிஞ்சிருக்கு. நான் ஒழுங்காத் தெச்சிருந்தா அவருக்கு மண்ணு கிடைச்சிருக்குமோ?”

படியில் ஈரக் கால்கள்.

ஒன்று.

இன்னொன்று.

விதாலால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவன் செய்த திருட்டுக்கு அவள் ஒரு மாதமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

“உன் தையல்ல குறையில்ல ஓர்சா,” என்றான், தரையைப் பார்த்தபடி. “கத்தியால பிரிச்சது நான். அவன் உடம்புல சூடுகூட ஆறல.”

காலடி நின்றது. அவன் முதுகுக்குப் பின்னால்.

திட்டுவாள் என்று காத்திருந்தான். அவளோ அவன் தோளுக்கு மேலே பார்த்து, மெல்லச் சொன்னாள்.

“கேட்டுட்டீங்கல்ல? நான் இல்ல. இவரோட போங்க.”

பூட்ஸைக் கழற்றி வாசலிலேயே போட்டுவிட்டு, வெறுங்காலோடு துறைக்கு ஓடினான் விதால். கண்ணில் பட்ட முதல் ஓடத்தில் ஏறி, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

ஓடக்காரன் துடுப்பை எடுக்கவில்லை.

“கூட வந்தவரையும் உக்காரச் சொல்லுங்க,” என்றான். “நின்னா ஓடம் ஆடுது.”