பத்தொன்பதாம் போர்ட்

கணினிகளை இணைக்கும் சுவிட்ச் பெட்டியில், கேபிள் செருகும் பத்தொன்பதாம் போர்ட்டில் பச்சையாக எரிந்துகொண்டிருந்த விளக்கு மஞ்சளாக மாறியது. பஹ்மியா கதிரையில் சாய்ந்தபடி அதைப் பார்த்தாள். எழும்ப மனம் வரவில்லை. பழுது பார்க்கவென்று இந்த ஒரு கிழமைக்குள் கிண்ணியாவிலிருந்து அவள் வருவது இது மூன்றாம் தடவை.

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய அந்த மீன் குளிர்களஞ்சியத்தில் கணினிகள் அடிக்கடி ஒரேயடியாக உறைந்துபோயின. ஒரு கேபிளின் இரண்டு முனைகளையும் யாராவது ஒரே இணைப்புப் பெட்டியில் செருகிவிட்டால் அப்படித்தான் ஆகும். அனுப்பிய செய்தி வெளியேற வழியில்லாமல் சுற்றிச் சுற்றி வந்து எல்லாவற்றையும் திணறடிக்கும். அதைத் தடுக்கக் காலையில் சுவிட்சில் ஸ்பானிங் ட்ரீ என்ற காவல் ஏற்பாட்டை அமைத்திருந்தாள். தான் அனுப்பிய செய்தியே ஒரு போர்ட் வழியாகத் திரும்பி வந்தால் சுவிட்ச் அந்தப் போர்ட்டை மறித்துவிடும்.

இப்போது மறித்திருந்தது பத்தொன்பதை. அது மூன்றாம் அறைக்குப் போகும் இணைப்பு.

ஜும்ஆத் தொழுகைக்குப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. குளிர் இயந்திரத்தின் ஓயாத உறுமல், டீசலும் மீன் செதிலும் கலந்த வாடை, எங்கோ ஒரு குழாயில் சொட்டும் தண்ணீர்.

"அண்ணே, மூண்டாம் அறைக்குள்ள ஆரும் போறவங்களா?"

களஞ்சியப் பொறுப்பாளர் கதிராமன் பேப்பரை மெல்ல மடித்தார். "ரெண்டு வருஷமாப் பூட்டித்தான் கிடக்கு, பிள்ளை. திறப்பு என்னட்ட மட்டும்தான்."

இருவருமாகப் போனார்கள். வெற்று அறை. தரை முழுக்கத் தூசி. சுவரில் ஒரு சின்னப் பெட்டி. அதில் ஒரு நீலக் கேபிள் இரண்டு முனைகளாலும் செருகப்பட்டுக் காது போல வளைந்து தொங்கியது. பஹ்மியா அதைப் பிடுங்கித் தன் பைக்குள் திணித்தாள். கதிராமன் பூட்டினார்.

விளக்கு பச்சையானது. அவள் அறிக்கை எழுதத் தொடங்கினாள். கண் எரிந்தது. நாலு வரி எழுதியிருப்பாள்.

மஞ்சள்.

பையைத் திறந்து பார்த்தாள். நீலக் கேபிள் உள்ளேயே கிடந்தது.

அந்தப் போர்ட்டை ஒரேயடியாக நிறுத்திவிட்டு மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்கலாம். ஆனால் குளிர் இயந்திரத்தின் அமோனியா வாயு கசிந்தால் அலறவேண்டிய கருவியும் மூன்றாம் அறையின் அந்தப் பெட்டியோடுதான் இணைந்திருந்தது. அது செத்துக் கிடக்க, நாற்பது பெண்கள் பக்கத்து மண்டபத்தில் மீன் வெட்டுவார்கள்.

"திரும்பவும் பார்க்கவேணும், அண்ணே."

கதிராமன் திறப்பை மேசைமேல் வைத்தார். "எனக்கு ஏலாது, பிள்ளை." அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "போறதெண்டா கதவைச் சாத்தாதீங்க."

ஏனென்று கேட்கக்கூட அவளுக்குத் தெம்பிருக்கவில்லை.

நடைவழியில் உறுமல் குறைந்துகொண்டே வந்தது. பூட்டு குளிர்ந்திருந்தது. கதவைத் திறந்ததும் கடற்பாசி வாடை, ஆழத்திலிருந்து அப்போதுதான் இழுத்தெடுத்த வலையின் வாடை, முகத்தில் அடித்தது. கைபேசி வெளிச்சத்தைச் சுவரை நோக்கிப் பிடித்தபடி நேரே பெட்டியிடம் போனாள். புதிதாக ஒரு கேபிள், இரண்டு முனைகளும் உள்ளே. தொட்டாள். ஈரம். விரலில் உப்புப் பிசுபிசுத்தது.

பிடுங்கினாள். திரும்பினாள். வெளிச்சம் தரையில் விழுந்தது.

தூசியில் காலடிகள். வெறுங்கால். ஈரம் இன்னும் காயவில்லை. பெட்டியடியில் தொடங்கி, சுவரோரமாக அறையைச் சுற்றி, திரும்பவும் பெட்டியடிக்கே வந்தன. ஒரு சுற்றல்ல. பல சுற்றுகள், ஒன்றன்மேல் ஒன்றாக.

வாசலைக் கடந்து ஓர் ஈரத் தடம்கூடப் போகவில்லை. அங்கே அவளுடையதும் கதிராமனுடையதும் மட்டும்.

"அண்ணே..."

வெளிச்சத்தை உயர்த்தினாள்.

தூரச் சுவரோரம் தூசி மெல்ல அமுங்கியது. ஒரு காலின் தடம், மேலே யாருமில்லை. அதிலிருந்து தண்ணீர் பரவியது. அடுத்த கால். வட்டத்திலேயே நடந்து வந்தது. அவசரமில்லை. களைத்த நடை.

அவளுக்கும் கதவுக்கும் நடுவே நின்றது.

பிறகு அந்த ஈரத் தடங்கள் இரண்டும், தூசியை அரைத்தபடி, அவள் பக்கம் விரல்களைத் திருப்பின.