சின்னத்தாயியின் விடைத்தாள்

பரமானந்தம் சார் அந்த விடைத்தாளைத் தனியாக எடுத்தபோதே அது யாருடையது என்று இசபெல்லாவுக்குத் தெரிந்துவிட்டது.

“பிள்ளைகளா, சின்னத்தாயி எழுதின விஞ்ஞானத்தைக் கேளுங்க. ‘வதை ரபவும் வதிம்.’ விதை பரவும் விதமாம்! என்னைத்தான் வதைக்கிறா!”

வகுப்பே சிரித்தது. சின்னத்தாயி தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இசபெல்லா மட்டும் சிரிக்கவில்லை. அவள் காது இரண்டும் கோபத்தில் சூடாகிவிட்டன.

இது நடந்தது 1979இல், கொடைக்கானல் மலையில் உள்ள கூக்கால் கிராமத்தில். இருவரும் ஐந்தாம் வகுப்பு. சின்னத்தாயிக்கு மட்டும் அது இரண்டாவது ஐந்தாம் வகுப்பு.

புத்தகத்தைத் திறந்தால் சின்னத்தாயிக்கு வியர்த்துவிடும். “எழுத்தெல்லாம் இடம் மாறி மாறி நிக்குதுடி” என்பாள். சார் அவளைச் சோம்பேறி என்றார். பெட்டிக்கடை நாச்சிமுத்து மக்கு என்றார். அவள் அம்மா காளியாயி, “எந்தச் சாமி குத்தமோ” என்று கையில் கயிறு கட்டிவிட்டாள். ஏன் இப்படி என்று ஒருவரும் அவளிடம் கேட்கவில்லை.

அன்று மாலை காளியாயியைப் பள்ளிக்கு வரச் சொல்லியிருந்தார் சார்.

“இந்த வருசமும் ஃபெயில்தாம்மா. இவ மண்டையில ஒண்ணும் ஏறாது.”

“அப்படின்னா போதுங்க சார்” என்றாள் காளியாயி. “திங்கக்கிழமையிலருந்து பூண்டுக்காட்டுச் சோலிக்கு வரட்டும்.”

அவ்வளவுதான். ஒரு பெண்ணின் படிப்பை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார்கள். வாசலில் நின்ற இசபெல்லாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

சின்னத்தாயி மக்கா? ஒரு பாடத்தை ஒருமுறை வாசித்துக் காட்டினால் போதும், அப்படியே திருப்பிச் சொல்வாளே! பெருக்கல் வாய்ப்பாட்டை இசபெல்லாவுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

“ஏய், வெரசா வா!” என்று சின்னத்தாயியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனாள் இசபெல்லா. நோட்டில் எழுதி வைத்திருந்த பரீட்சைக் கேள்விகளை எடுத்தாள்.

“நான் வாசிக்கிறேன். நீ பதில் சொல்லு. விதைகள் எப்படியெல்லாம் பரவும்?”

“இது என்னடி கேள்வி? காத்துல பறக்கும், தண்ணியில மிதக்கும். காசித்தும்பைக் காய் வெடிச்சுத் தெறிக்கும். நாயுருவி நம்ம பாவாடையில ஒட்டிக்கிட்டு ஓசியிலயே ஊர் போய்ச் சேரும்.”

“ஓசியிலன்னும் எழுதவா?”

“எழுது. டிக்கெட்டா எடுக்குது அது?”

இசபெல்லா சிரித்துக்கொண்டே எழுதினாள். தோழி சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. பத்துக் கேள்விக்கும் பதில் முடிந்தபோது கை வலித்தது.

மறுநாள் சனிக்கிழமை, அரைநாள் பள்ளி. இசபெல்லா அந்தத் தாள்களைச் சாரின் மேசையில் வைத்தாள். மேலே ‘சின்னத்தாயி’ என்று பெயர் இருந்தது.

சார் புரட்டிப் பார்த்தார். “இது உன் கையெழுத்தாச்சே?”

“கையெழுத்து என்னுதுங்க சார். பதில் அவளுது.”

“பொய் சொல்லாதே. எல்லாம் நீ சொல்லிக்கொடுத்தது.”

“அப்ப நீங்களே கேளுங்க சார். நான் வெளியில போய் நிக்கிறேன்.”

சொன்னபடியே வெளியே போய் நின்றாள். பனி முகத்தில் அடித்தது. உள்ளே சார், தாளில் இல்லாத கேள்வியாகப் பார்த்துக் கேட்டார்.

“பறவைகள் விதைகளைப் பரப்புவது எப்படி?”

சின்னத்தாயியின் குரல் மெல்லக் கிளம்பியது. “குருவி தவிட்டுப்பழத்தைத் தின்னுங்க சார். விதை செரிக்காது. அது எச்சம் போடுற எடத்துல புதுச்செடி முளைக்கும்.”

அடுத்த கேள்வி. அதற்கும் பதில். மூன்றாவது, நான்காவது. வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.

இசபெல்லாவை உள்ளே கூப்பிட்டார் சார்.

“இவ்வளவும் தெரிஞ்சுக்கிட்டு ஏன் இவ எழுதலை?”

“எழுத வரலைங்க சார். தினமும் அழுதுக்கிட்டே எழுதிப் பாக்குறா.” இசபெல்லா அதோடு நிறுத்தவில்லை. “நீங்க பரீட்சை வச்சது விஞ்ஞானத்துக்குத்தானே? அது அவளுக்குத் தெரியும். அப்புறம் எதுக்கு எல்லாரையும் சிரிக்க வச்சீங்க?”

அடி நிச்சயம் என்று பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

சார் முகம் சிவந்தது. பிரம்பை எடுக்கவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்தார். ஒவ்வொரு பதிலாகத் திருத்தி, ஐம்பதுக்கு நாற்பத்தாறு போட்டார்.

“இனி பரீட்சையில நான் கேள்வியை வாசிக்கிறேன். அவ வாயால சொல்லட்டும்” என்றார். “ஆனா தமிழ் எழுத்து தினம் ஒரு பக்கம் பழகணும்.”

“சரிங்க சார்” என்றாள் சின்னத்தாயி.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இசபெல்லா பொருமிக்கொண்டே வந்தாள். “மன்னிப்புக் கேக்கவே இல்லை பாத்தியா!”

பூண்டுக்காட்டில் களை பறித்துக்கொண்டிருந்த காளியாயி, மண் கையைச் சேலையில் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினாள். அவளுக்கும் வாசிக்கத் தெரியாது. இசபெல்லா எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

காளியாயி அந்தச் சிவப்பு மதிப்பெண்ணை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

“திங்கக்கிழமை வெள்ளனே எந்திரி” என்றாள். “பள்ளிக்கூடத்துக்கு நேரமாயிரும்.”