உள்தாழ்ப்பாள்

குளியலறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் பெயின்ட் படாத வெளிறிய மரமும், திருகாணி கழன்ற ஓட்டைகளும், ஈரத் தரையில் உதிர்ந்து ஒட்டிக்கிடந்த துருவும் மட்டும் இருந்தன. பினாயில் நெடிக்கு அடியில், துருவை இளக்க அவன் விட்டிருந்த எண்ணெயின் வாசனை.

அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசிக்க வேண்டியதில்லை. அவள் கொடுத்த புகாரை விசாரிக்கப் போன வாரம் வந்த வக்கீலம்மா சமையலறையில் அவள் காதோடு சொன்னது ஒன்றே ஒன்றுதான்: அவன் கை ஓங்கினால் குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு எங்களுக்குப் போன் பண்ணு. பக்கத்தில் நின்று அதைக் கேட்ட பெண் இன்ஸ்பெக்டர், புறப்படும்போது கூடத்தில் உட்கார்ந்து அவனுக்குப் புத்தி சொன்னாள். பெண்டாட்டி பாத்ரூமுக்குள் ஓடித் தாழ்போட்டுக்கொள்கிற மாதிரியா நடந்துகொள்வது, தம்பி?

பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழி.

இன்று மதியம் இருவரும் மறுபடி வந்தார்கள். வீடு தேடி வந்து விசாரிக்கிறார்களாம். வருவதற்கு முன் அவனுக்குத்தான் போன் செய்வார்கள். டீ போடும் சாக்கில் சமையலறையை அவன் எடுத்துக்கொண்டான். காதோடு பேச இடமில்லை. இன்ஸ்பெக்டர் பிஸ்கட்டைத் தோய்த்துத் தோய்த்துத் தின்றபடி, தன் மருமகன் ஒரு நாள் அடுப்புப் பக்கம் போனதுண்டா என்று அலுத்துக்கொண்டாள்.

"அக்கா, கை கழுவிட்டு வாங்களேன். பாத்ரூம் அந்தப் பக்கம்," என்றாள் அவள், வக்கீலம்மாவிடம். கண்ணாலும் காட்டினாள். மரக்கட்டைக்குக்கூடப் புரிந்திருக்கும்.

வக்கீலம்மா போனாள். தண்ணீர் விழும் சத்தம். நின்றது. வெகுநேரம் ஒன்றுமில்லை. பார்த்துவிட்டாள். நிச்சயம் பார்த்துவிட்டாள்.

வக்கீலம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"பாத்ரூம்ல தாழ்ப்பாளே இல்லையே, சார். பொம்பளை இருக்கற வீடு."

"இன்னைக்கே மாட்டிடறேன், மேடம்."

"சொன்னா கேக்கற பிள்ளை," என்றாள் இன்ஸ்பெக்டர், வாயோரத்துப் பிஸ்கட் தூளைத் தட்டிக்கொண்டு.

ஜீப் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது.

அவன் கருவிப் பெட்டியைத் திறந்தான். இரும்பு கலகலத்தது. அவள் போன் டீ கோப்பைகளுக்கு நடுவே கிடந்தது. அதைத் தாண்டி அவன் கை நீண்டு, குளியலறையைக் காட்டியது.

"உள்ள நின்னு கதவைப் பிடிச்சுக்கோ. ஆடக் கூடாது."

பிடித்துக்கொண்டாள். கதவு மூடியது.

அவன் வெளியே. தாழ்ப்பாளும் வெளியே.

கர்ரென்று ஒரு சத்தம். உள்ளங்கைக்கு அடியில் மரம் அதிர்ந்தது. பழைய ஓட்டைகளுக்குப் பக்கத்தில் பெயின்ட் உப்பியது. வெடித்தது.

ஒரு திருகாணியின் முனை எட்டிப் பார்த்தது.

பிறகு இன்னொன்று.