பேச்சி கொடுத்த செம்பு

மாலை 6.40.

வெங்கடேஸ்வரன் மேடையில் செத்து விழுந்தபோது முந்நூறு பேர் கை தட்டினார்கள்.

அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நாடகமே அப்படி. 2001 ஜனவரி, திருவனந்தபுரத்துத் தமிழர் மன்றம் ஒன்றின் ஆண்டு விழா, 'ஊர் சொன்ன சூனியம்' முதல் அரங்கேற்றம். பேச்சி என்ற கூலிக்காரி சூனியம் வைத்து ஒரு குழந்தையைக் கொன்றாள் என்று ஊர் கூடி விசாரிக்கிறது. அவள் கையால் கொடுக்கும் தண்ணீரை நாட்டாண்மை வாங்கிக் குடிக்க வேண்டும். அவருக்கு ஒன்றும் ஆகாவிட்டால் அவள் குற்றமற்றவள். நாட்டாண்மையாக நடித்தவர் வெங்கடேஸ்வரன். நாடகத்தை எழுதி இயக்கியவரும் அவர்தான். அறுபத்தொரு வயது, கிழக்கேகோட்டை அக்கிரகாரத்துக்காரர். பேச்சியாக நடித்த மாடம்மாளுக்கு நாற்பது வயது. கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகிறவள்.

"குடியும் நாட்டாமை! பொய் சொன்ன ஊருக்கு இந்தத் தண்ணி வயித்துல தங்காது" என்று மாடம்மாள் செம்பை நீட்டினாள். அது எழுதிக் கொடுத்த வசனம். அவர் செம்பை வாயில் வைத்துக் கவிழ்த்தார். இரண்டடி நடந்தார். செம்பு கைநழுவி உருண்டது. மேல்துண்டைப் பிடித்துக்கொண்டு அவர் சரிந்தார்.

"என்னா நடிப்பு!" என்றார் முன்வரிசையில் ஒருவர்.

கைதட்டல் அடங்கியும் அவர் எழுந்திருக்கவில்லை. பொய்ச்சாட்சி சொல்லும் சிறுமி பொன்னியாக நடித்த ஸ்நேகா குனிந்து பார்த்துவிட்டு அலறினாள். திரையை இறக்கினார்கள்.

மாலை 7.15.

சி.ஐ. யோசுவாவின் ஜீப் கிழக்கேகோட்டையில் ஏகாதசிக் கூட்டத்தில் சிக்கி, இருபது நிமிடம் தாமதமாக வந்தது. யோசுவா எல்லையோரத்துப் பாறசாலைக்காரர். வீட்டில் தமிழ், ஸ்டேஷனில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும்.

அவர் வருவதற்குள் ஊர் தீர்ப்புச் சொல்லி முடித்திருந்தது. ஒப்பனை அறையின் மூலையில் மாடம்மாள் உட்கார்ந்திருந்தாள். இடது காது கிழிந்து கழுத்துவரை ரத்தம் வழிந்திருந்தது. யாரோ கம்மலோடு சேர்த்து இழுத்திருந்தார்கள். வெளியே, "அவ நிஜமாவே சூனியக்காரிதான். வசனத்தைச் சொன்ன மாத்திரத்துல ஆள் விழுந்தாச்சே!" என்று ஒரு குரல் கேட்டது. படித்தவர்கள் பேசுகிற பேச்சுதான்.

பார்வையாளர்களில் ஒரு டாக்டர் இருந்தார். "விஷமாகத்தான் இருக்கும். குடித்த உடனே விழுந்தாரா, முன்னாலேயே உள்ளே போனதா என்று போஸ்ட்மார்ட்டம்தான் சொல்லும். ஒன்று மட்டும், நாக்குக்கு அடியில் இது ஒட்டிக்கொண்டிருந்தது" என்று காகிதத்தை விரித்தார். ஒரு துளசி இலை.

யோசுவா மேடைக்குப் போனார். குற்றவாளி நிற்பதற்காகக் கோலப்பொடியால் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். செம்பு உருண்ட தடம் அந்த வட்டத்தை ஓரிடத்தில் கலைத்திருந்தது. மண்டியிட்டு விரலால் பொடியைத் தொட்டார். உலர்ந்த மாவு போல விரலில் ஒட்டியது. செத்தவரின் வேட்டியை, கீழே விரித்த ஜமக்காளத்தை எல்லாம் தடவிப் பார்த்தார். அதன்பின் ஓரத்து மேஜைக்குப் போனார். அங்கே செம்பு இருந்தது. அதில் பாதி தண்ணீர்.

"இதை இங்க வெச்சது யாரு?"

"நான்தான் சார்." மன்றச் செயலாளர் பிச்சுமணி முன்னால் வந்தார். நாடகத்தில் பூசாரி, வேஷத்தைக் கலைக்கவில்லை. வெங்கடேஸ்வரனின் இருபது வருஷ சிநேகிதர், பக்கத்துத் தெரு. "திரை விழுந்ததும் எடுத்து பத்திரமா வெச்சேன். தடயமாச்சே! யாரும் தொடப்படாதுன்னு சொல்லிட்டேன்." துண்டால் முகத்தை விசிறிக்கொண்டார். "விதுரா மலைக்குளிர்ல வளர்ந்த உடம்பு சார். இந்த ஹால் புழுக்கம் தாங்கலை."

"அவர் குடிச்சதைப் பாத்தீங்களா?"

"ரெண்டடி தள்ளி நின்னேன் சார். மடக்கு மடக்குன்னு குடிச்சார். அவ கையால கொடுத்தா, இவர் குடிச்சார், விழுந்தார். இதுக்கு மேல என்ன வேணும்? சித்தாள் வேலை பார்க்கறவளை ஹீரோயினா போடாதேன்னு தலைபாடா அடிச்சுண்டேன். கேக்கலை."

மாலை 7.30.

யோசுவா கான்ஸ்டபிளை அனுப்பி எல்லோருக்கும் டீ வரவழைத்தார். பயந்தவர்களின் கையில் சூடாக ஏதாவது இருந்தால் பேச்சு வரும் என்பது அவருடைய அனுபவம். மாடம்மாள் இரண்டு கையாலும் தம்ளரைப் பிடித்துக்கொண்டாள். ஸ்நேகா ஒரே மூச்சில் குடித்தாள். பிச்சுமணி மட்டும், "எனக்கு வேண்டாம், இன்னிக்கு ஆகாது" என்று கையசைத்துவிட்டார்.

முதலில் மாடம்மாளைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்.

"செம்புல என்ன கலந்த?"

"செம்புல ஒண்ணுமே இல்ல சாரே. வெறுஞ்செம்பு."

"அரைச் செம்பு தண்ணி இருக்கே?"

"அது எப்படி வந்துன்னு எனக்கு அறியாது. ஒத்திகையில தண்ணி வைப்போம். இன்னைக்கு, 'தண்ணி ஊத்தாண்டாம் மாடம்மா, சும்மா தா, நான் குடிக்க மாதிரி காட்டிக்கிடுதேன்'னு அய்யாதான் சொன்னாவ."

"ஏன்?"

"கேக்கல்ல. என் கையால குடிக்கக் கூச்சப்படுதாவளோன்னு நெனச்சேன். மேடையிலயாவது குடிப்பாவன்னு இருந்தேன். வெசனமாத்தான் இருந்து." அவள் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "ஆனா அய்யா எனக்குத் தெய்வம் மாதிரி சாரே. அவியளைக் கொன்னா என் கதைய யாரு சொல்லுவா?"

"உன் கதையா?"

"நாடகத்துல வாற பேச்சி எங்கம்மை. விதுராவுக்கு மேல எஸ்டேட்டுல கொழுந்து கிள்ளினா. முப்பத்திமூணு வருசமாச்சு. எனக்கு ஏழு வயசு. அவ சூனியத்துக்கு எலுமிச்சம்பழம் பொதைச்சதைக் கண்டேன்னு கிளார்க்கய்யா மவன் சொன்னான். அடிச்சே கொன்னுபோட்டாவ. அய்யா எஸ்டேட்டுல போயி விசாரிச்சு, என்னைத் தேடிப் பிடிச்சாவ. இன்னைக்கு நாடகம் முடிஞ்சதும் அந்தப் பய யாருன்னு எல்லாரு முன்னாலயும் சொல்லுதேன்னு வாக்குக் குடுத்திருந்தாவ."

"அவன் யாருன்னு உனக்குத் தெரியாதா?"

"கால்சட்டை போட்ட பய. அப்பம் பதினாலு வயசு இருக்கும். இப்பம் கண்டா எப்படித் தெரியும்?"

யோசுவா நோட்டை மூடினார். அவள் சொல்வது பொய்யானால், நாளைக் காலை கொலைக்கேஸில் ரிமாண்ட். உண்மையானால்கூட, ஒரு சித்தாளின் வார்த்தைக்கு எதிராக முந்நூறு ஜோடிக் கண்கள் இருந்தன.

மாலை 7.45.

ஸ்நேகாவுக்கு இருபத்திரண்டு வயது. கழக்கூட்டத்தில் சாப்ட்வேர் வேலை. அழுது அழுது மை கன்னத்தில் இறங்கியிருந்தது.

"ரிஹர்சல் முடிஞ்சா அங்கிள் டெய்லி ஒரு கேள்வி கேப்பார் சார். இந்தக் கதையில யார் குற்றவாளின்னு. எல்லாரும் பொன்னிதான்னு சொல்லுவா. அந்தப் பொண்ணுதானே பொய் சொல்றா? எனக்கே என் கேரக்டர் மேல வெறுப்பு வந்துடுத்து. அப்புறம் வியாழக்கிழமை அங்கிள் கடைசி சீனை மாத்தினார்."

"எப்படி?"

"பொன்னி ஊர் முன்னால உண்மையைச் சொல்லணும். 'நான் எதையும் பாக்கல. என்னைச் சொல்லச் சொன்னது கிளார்க்கோட பையன்.' அதான் டயலாக்."

"யாராவது வேண்டாம்னு சொன்னாங்களா?"

அவள் யோசித்தாள். "பிச்சுமணி அங்கிள் மட்டும். பொன்னி மேலேயே பழி இருக்கட்டும், புதுசா ஒரு பையனை எதுக்கு இழுக்கறேள்னு ரொம்ப ஆர்க்யூ பண்ணினார்."

இரவு 8.00.

செத்தவரின் மனைவி ஜெயலக்ஷ்மி ஆட்டோவில் வந்து இறங்கினாள். அழவில்லை, அழுகை இன்னும் அவளை வந்து சேரவில்லை. யோசுவா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "இன்னைக்கு என்ன சாப்பிட்டாரம்மா?"

"இன்னிக்கு சொர்க்கவாசல் ஏகாதசின்னா. பச்சைத் தண்ணிகூட பல்லுல படாது. நாப்பது வருஷமா அப்படித்தான். கோவில் துளசி தீர்த்தம் மட்டும் ஒரு உத்தரணி எடுத்துப்பார்."

"இன்னைக்கு தீர்த்தம் யாரு கொடுத்தது?"

"என்னால கூட்டத்துல போக முடியலை. பிச்சுமணி கோவிலுக்குப் போய் தீர்த்தம் வாங்கிண்டு அப்படியே வரேன்னு சொன்னார். அவரும் நிர்ஜலம்தான். ரெண்டு பேரும் சேர்ந்துதான் விரதம் இருப்பா."

"பிச்சுமணியோட அப்பா என்ன வேலை பார்த்தார்னு தெரியுமா?"

"எஸ்டேட்ல கிளார்க். ஏன் கேக்கறேள்?"

இரவு 8.15.

எல்லோரையும் மேடைக்கே வரச் சொன்னார் யோசுவா. மேஜைமேல் செம்பு. அதன் பக்கத்தில் இன்னொரு செம்பை வைத்துப் பாதித் தண்ணீர் ஊற்றினார். அதை நெஞ்சுயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக் கையை விட்டார்.

செம்பு விழுந்து உருண்டது. ஜமக்காளம் நனைந்தது. கோலப்பொடி கரைந்து சேறாயிற்று.

"முந்நூறு பேரு பாத்தாங்க, செம்பு விழுந்து உருண்டதை. ஆனா நான் வந்தப்ப இங்க ஒரு பொட்டு ஈரம் கிடையாது. அப்ப விழுந்தது வெறுஞ்செம்பு. மாடம்மா சொன்னது உள்ளதுதான். விழுந்த செம்புல அரைச் செம்பு தண்ணி தானா ஊறுமா? திரை விழுந்த பிறகு யாரோ ஊத்தியிருக்கணும். செம்பை எடுத்தது ஒரே ஒரு ஆள்."

"நான் எடுத்துதான் வெச்சேன். அதுக்காக..." என்றார் பிச்சுமணி.

"இருங்க. மடக்கு மடக்குன்னு குடிச்சார்னு ஸ்நேகா சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன். அந்தப் பிள்ளைக்கு அவரோட விரதம் தெரியாது. நீங்க டீயை வேண்டாம்னு சொன்னீங்களே, ஏன்?"

பிச்சுமணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஏகாதசி. நீங்களும் தண்ணி குடிக்க மாட்டீங்க. அவரும் குடிக்க மாட்டார். இருபது வருஷம் கூட இருந்து விரதம் பிடிச்ச ஆளு, அவர் வாயில தண்ணி போறதைப் பாத்தா பதறிப்போக வேண்டாமா? நீங்க அதை ஒரு விஷயமாவே சொல்லலை. ஏன்னா அவர் குடிக்கலைன்னு உங்களுக்குத் தெரியும். நான் கிறிஸ்தியானி, இதெல்லாம் அறிய மாட்டேன்னு நெனச்சீங்க. எங்க வீட்லயும் நோன்பு உண்டு சார்."

அவர் செம்பைச் சாய்த்துக் காட்டினார். தண்ணீரின் மேல் ஒரு துளசித் துணுக்கு மிதந்தது.

"நாடகத் தண்ணியில துளசி எதுக்கு? இன்னைக்கு அவர் வாயில ஒண்ணு போகும்னா அது தீர்த்தம் மட்டும்தான். அதுவும் குளிச்சு, கோவிலுக்குப் போய் வந்த கையிலேர்ந்து. மாடம்மா கையால வாங்க மாட்டார். உங்க கையால வாங்குவார். மேடைக்கு வர்றதுக்கு முன்னாலயே கொடுத்தாச்சு. மிச்சத்தைச் செம்புல ஊத்தி, தண்ணியும் சேர்த்து, பழியை அவ தலையில போட்டீங்க."

கான்ஸ்டபிள் பூசாரி வேஷத்தின் திருநீற்றுப் பையை மேஜைமேல் கொட்டினார். சாம்பலுக்குள் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருந்தது.

பிச்சுமணி மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அடுத்த மாசம் என் பொண்ணுக்குக் கல்யாணம்" என்றார். "முப்பத்திமூணு வருஷம் கழிச்சு மேடையேத்தி, கிளார்க் பையன்தான் குற்றவாளின்னு ஊரெல்லாம் சொல்லப் போறேன்னான். கெஞ்சினேன். பதினாலு வயசு சார் எனக்கு. எலுமிச்சம்பழத்தை நான்தான் விளையாட்டுக்குப் புதைச்சேன். அப்பா அடிப்பார்னு பயந்து அவளைக் கைகாட்டிட்டேன். சாகடிப்பான்னு நான் கண்டேனா?"

ஓரமாக உட்கார்ந்திருந்த மாடம்மாள் எழுந்து வந்து அவர் எதிரில் நின்றாள்.

"நீயாடே அந்தப் பய?"

பிச்சுமணி நிமிர்ந்தார். அவளை அவர் அதுவரை சரியாகப் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. "நீ யாரு?"

"பேச்சி மவ."

அவர் முகம் செத்துப்போயிற்று. வெங்கடேஸ்வரன் அதை அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

"அப்பம் நீ சின்னப்பய. பயந்து சொல்லிட்ட, போட்டும்னு வைக்கலாம். அய்யாகூட அப்படித்தான் சொன்னாவ, அந்தப் பயலை மன்னிக்க முடியுமான்னு யோசி மாடம்மான்னு. நானும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்." அவள் இன்னும் ஓரடி கிட்டே வந்தாள். "இப்பம் உனக்கு நரைச்சுப்போச்சே! எங்கம்மைய சூனியக்காரின்னு கைகாட்டின அதே கைய என்னைப் பாத்தும் நீட்டினியே. நான் யாருன்னுகூட ஒனக்குத் தெரியாது. பக்கத்துல எவ நின்னாளோ அவளைக் காட்டிட்ட."

இரவு 8.40.

பிச்சுமணியை ஜீப்பில் ஏற்றினார்கள். வாசலில் கூட்டம் கலையாமல் நின்றது. உண்மை அவர்களுக்குள் அதற்குள் பரவியிருந்தது. "பாவம் அந்தப் பொம்பளை" என்றார்கள் சிலர். முன்வரிசைக்காரர் ஒருவர் ஓர் ஐம்பது ரூபாய்த் தாளை மடித்து நீட்டினார். மாடம்மாள் அதை வாங்கவில்லை.

"கேஸ் முடிஞ்சுது. ஆஸ்பத்திரிக்குப் போய் காதைத் தைச்சுக்கோ. ஜீப்புல விடச் சொல்றேன்" என்றார் யோசுவா.

"எல்லாம் எழுதியாச்சா சாரே?"

"ஆச்சு."

"எங்கம்மைய அந்தப் பய கைதான் காட்டினான். அடிச்சது ஊரு. அத யாரும் எங்கயும் எழுதல்ல." கிழிந்த காதைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாள். "இதைப் பிடிச்சு இழுத்தது யாருன்னு எழுதுவியளா?"

ஐம்பது ரூபாய்த் தாள் சட்டைப்பைக்குத் திரும்பிப் போயிற்று. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

யோசுவா நோட்டில் புதுப் பக்கம் திருப்பினார். "சொல்லு மாடம்மா. யாரு?"

அவள் கையை உயர்த்தவில்லை. ஒவ்வொரு முகமாக, நிதானமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.